ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

ஜூலை 8, திங்கள்

இன்று காலை அலுவலகத்தில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தபோது, அது என்னை யார் என்று கேட்டது. இதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. திரையின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி, பெயரையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் நிரப்பச் சொன்னது. வந்த கடிதங்கள் இல்லை. அனுப்பிய கடிதங்கள் இல்லை. நேற்றுத்தான் கடையிலிருந்து கொண்டுவந்த கணினியைப் போல அது என்னை வரவேற்றது.

நிலைமையை வரிசையாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. என் அண்ணன் சிதம்பரநாதன் இந்த அலுவலகத்தின் மூத்த வழக்குரைஞர்; நான் அவரிடம் இளைய வழக்குரைஞன். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, ஜூன் தொடக்கத்திலிருந்து புறவழிச்சாலையில் உள்ள மருத்துவமனையில் நினைவின்றி, சுவாசக் கருவியின் துணையுடன் இருக்கிறார். இத்தகைய நிலை வந்தால் கருவிகளைக் கொண்டு உயிரை நீட்டிக்கக் கூடாது என்று, உடல்நலத்தோடு இருந்தபோதே சட்டப்படி ஆவணம் எழுதி வைத்திருக்கிறார். அவர் சார்பில் முடிவெடுக்க அதில் பெயர் குறிக்கப்பட்டிருப்பவன் நான். மீளும் வாய்ப்பில்லை என்று மருத்துவர் குழுக்கள் இரண்டும் கருத்துத் தெரிவித்துவிட்டன. எஞ்சியிருப்பது என் ஒப்புதல். அந்த ஒப்புதல் எங்கள் அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்தே செல்ல வேண்டும் என்கிறது ஆவணத்தின் ஏழாவது பத்தி.

அண்ணன் அப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதமும் எழுதிய அன்றே போவதில்லை. அனுப்புவதற்கான விசையை அழுத்தினால் அது 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்ற உறைக்குள் விழும். ஓர் இரவு அங்கே கிடக்கும். மறுநாள் காலை அண்ணன் அதை எடுத்துப் படித்து, வேண்டாத சொற்களை நீக்கி, தம் பெயரில் ஒப்புதல் தந்த பிறகே அது வெளியேறும். "எழுதுனவனும் மறுநா படிக்கிறவனும் வேற வேற ஆளு, கோமதி" என்று என்னிடம் சொல்வார்.

ஒப்புதல் கடிதத்தின் வரைவைச் சனிக்கிழமையே முடித்துவிட்டேன். இன்று அதை அனுப்புவதாக இருந்தேன். இயலவில்லை.

நேற்று ஞாயிறு; அலுவலகம் பூட்டியிருந்தது. ஒரு வழக்குக் கட்டை எடுப்பதற்காக நான் மட்டும் பிற்பகலில் சிறிது நேரம் வந்து சென்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சமாதானபுரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பெனிட்டா வந்தார். முப்பது வயதிருக்கும். கடலை மிட்டாய் தின்றுகொண்டே வேலை பார்ப்பவர். விசைப்பலகையில் துகள் விழும் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

"சார், பயப்படாதீங்க. உங்க மெயிலெல்லாம் பெரிய சார் ரூம்ல இருக்க கம்ப்யூட்டர்ல பத்திரமாத்தான் இருக்கு. ஆனா யாரு பேரு என்ன, எது எங்க இருக்கு, எந்த வழியா வெளிய போவணும்னு எழுதி வச்ச ஒரு ஃபைலு இருக்கும்லா, செட்டிங்ஸ் ஃபைலு, அதத்தான் காணும்."

"தானா அழிஞ்சிருக்குமோ?"

"அதுக்கென்ன கால் மொளச்சிருக்கா? யாரோ எடுத்துக் குப்பையில போட்டு, அந்தக் குப்பையையும் கொட்டியிருக்காவ. நெசமாவே அழிக்கவான்னு அது கேக்கும் சார். ஆமான்னு சொல்லியிருக்காவ."

"எப்போன்னு தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம. மத்தியானத்துக்கு மேல."

அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்தேன். ஆகையால் வேறு எவரும் உள்ளே வந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. எனவே இதை இயந்திரத்தின் பிழை என்று கொள்வதே பொருத்தமாகும்.

அண்ணனின் அறைக்குச் சென்று அவர் நாற்காலியில் அமர்ந்த பெனிட்டா உடனே எழுந்தார். "என்ன சார் இது, பெரிய சாரு பனமரம் மாதிரி இருப்பாவ, நாற்காலிய இப்பிடி எறக்கி வச்சிருக்காவ? எனக்கே மொழங்கால் நாடியில இடிக்கி." நெம்புகோலைத் தட்டி உயர்த்திக்கொண்டார். நாற்காலியின் உயரமும், நான் அண்ணனின் தோளுக்குக்கூட எட்டாதவன் என்பதும் இந்த விவகாரத்துக்குத் தொடர்பற்றவை. கேட்டதால் குறித்து வைக்கிறேன்.

புறப்படும்போது இன்னொன்று கேட்டார். "பெரிய சார் ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு அப்புறமும் மெயிலு தெனமும் போயிருக்கே. ஒப்புதல் பூரா அவிய பேர்லதான் விழுந்திருக்கு. யாரு சார் குடுத்தா?"

அதுவரை நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை. கடிதங்கள் எழுதினேன், மறுநாள் காலை அவை சென்றன, சில சொற்கள் குறைந்து சென்றன, வழக்கம்போலத்தானே என்று இருந்துவிட்டேன்.

"மதினியா இருக்கும்" என்றேன்.

"மதினியம்மா மெயிலெல்லாம் பாப்பாவளா?"

"பார்க்க மாட்டாங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஜூலை 10, புதன்

மருத்துவமனை. மாற்றமில்லை. திரும்பும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன்.

ஜூலை 11, வியாழன்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மதினி காத்திருந்தார். அண்ணனின் மனைவி பகவதியம்மாள். நான் கல்லூரி முடித்த ஆண்டு இந்த வீட்டுக்கு வந்தவர். என்னைத் தம்பி என்றே அழைப்பார்.

"என்ன தம்பி, அனுப்பியாச்சா?"

மின்னஞ்சல் பழுதான விவரத்தைச் சொன்னேன். பெனிட்டா வந்தது, கோப்பு அழிந்தது, புதிதாக அமைக்க வேண்டியிருப்பது ஆகிய மூன்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இங்க ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருக்க அந்தப் பொண்ணு சொன்னா, நேர்ல வந்து ஒரு கையெழுத்து போட்டாப் போதுமாம்."

"மதினி, ஏழாவது பத்தியில தெளிவா இருக்கு. கையெழுத்து மட்டும் போதாதுன்னு அண்ணனே எழுதியிருக்காங்க. நாளைக்கு யாராவது ஆட்சேபம் சொன்னா..."

"யாரு சொல்லுவா? நானா? நீங்களா? புள்ளையா குட்டியா, யாரு இருக்கா நமக்கு?"

"சட்டப்படி..."

"சட்டத்த அவிய எனக்குச் சொல்லித் தந்திருக்காவ தம்பி. தோசைக்கு மாவாட்டும்போதுகூடச் சொல்லுவாவ. அவிய கேட்டது ஒண்ணே ஒண்ணு. கொழாய மாட்டிப் போட்டுப் பாத்துட்டு நிக்காதீங்கன்னு. நாம அதத்தான் செஞ்சிட்டிருக்கோம்."

மின்னஞ்சல் சரியானதும் அனுப்பிவிடுவேன் என்று உறுதி கூறினேன். என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

பெனிட்டா புதிய அமைவுக் கோப்பு ஒன்றை எழுதினார். பழைய கடிதங்கள் யாவும் திரும்பிவிட்டன. காத்திருப்பு உறையும் வந்துவிட்டது. ஆனால் ஒப்புதலுக்காகத் தடுத்து நிறுத்தும் விதியை அவர் சேர்க்கவில்லை. "அது பழைய ஆளு யாரோ கையால எழுதுனது சார், அத ஊகிச்சுல்லாம் எழுத முடியாது. இப்ப அனுப்புனா நேரே போயிரும்" என்றார்.

சோதனையாக என் சொந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். 'இது ஒரு சோதனைக் கடிதம் ஆகும். இதைத் தயவுகூர்ந்து பொருட்படுத்த வேண்டாம் எனப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு நீங்களே பணிவன்பு சொல்லிக்கிடுதீங்களா? கண்ணாடியப் பாத்து வணக்கமும் வைப்பீகளோ?"

கடிதம் வந்து சேரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, நாளை வருவதாகச் சொல்லிச் சென்றார்.

ஜூலை 13, சனி

சோதனைக் கடிதம் இன்று காலை வந்தது. 'இது சோதனை. பொருட்படுத்த வேண்டாம்.'

பெனிட்டாவைத் தொலைபேசியில் அழைத்தேன். லைனில் தாமதமாகியிருக்கும் என்றார். தடுத்து நிறுத்தும் விதி எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். "நான் எழுதுன ஃபைலு சார். அதுல இல்லாதது எப்பிடி இருக்கும்?" என்றார்.

சொற்கள் குறைந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'பணிவன்புடன்' என்ற சொல்லைக் கண்டால் அண்ணன் அடித்துவிடுவார். "நாம என்ன சலுகையா கேக்கோம்?" என்பார்.

ஜூலை 15, திங்கள்

ஒப்புதல் கடிதத்தின் வரைவை இங்கே எழுதி வைக்கிறேன். 6ஆம் தேதி, சனிக்கிழமை மாலை நான் சேமித்த வடிவம் இது:

'என் உடன்பிறந்த அண்ணன் திரு. சிதம்பரநாதன் அவர்களுக்கு அளிக்கப்பட்டுவரும் உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு, மிகுந்த மனவேதனையுடனும், மருத்துவர்களின் கருத்தை மட்டுமே நம்பியும், இதன் விளைவுகளுக்கு நான் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி அல்லன் என்ற நிபந்தனைக்கு உட்பட்டும், ஒப்புதல் அளிக்க உத்தேசித்துள்ளேன்.'

குறை காண முடியாத வாக்கியம் என்று கருதினேன். இப்போதும் அவ்வாறே கருதுகிறேன்.

இன்று காலை திறந்தபோது மனவேதனையையும் மருத்துவர்களின் கருத்தையும் காணவில்லை. வாக்கியம் அவை இருந்த இடம் தெரியாமல் சேர்ந்திருந்தது. அனுப்பப்படாத வரைவு அது. விசையை நான் அழுத்தவே இல்லை. நான் நீக்கிய நினைவும் இல்லை. விடுபட்ட சொற்களை மீண்டும் சேர்த்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

சேர்த்தவை மீண்டும் இல்லை.

அலுவலகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று என்னிடம்; மற்றொன்று அண்ணனின் கொத்தில், மதினியின் பொறுப்பில். மதினியிடம் கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கொத்து பீரோவை விட்டு வெளியே வரவில்லை என்றார். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

கடவுச்சொல்லை மாற்றினேன். புதியது எனக்கு மட்டுமே தெரியும். எங்கும் எழுதி வைக்கவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூலை 17, புதன்

நிபந்தனையைக் காணவில்லை. நான் பொறுப்பாளி அல்லன் என்ற பகுதி முழுவதும் போய்விட்டது.

சினம் வந்ததைப் பதிவு செய்கிறேன். மனவேதனை என்பது அணிச்சொல், அதை விட்டுவிடலாம். நிபந்தனை அப்படிப்பட்டதன்று. எந்த வழக்குரைஞரும் அதை நீக்கச் சொல்ல மாட்டார், ஒருவரைத் தவிர.

பிற்பகல் மருத்துவமனைக்குச் சென்றேன். வரைவை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தேன். அண்ணனின் காதருகே குனிந்து, அலுவலகத்தில் படித்துக் காட்டும் அதே குரலில் முழு வடிவத்தையும் படித்தேன். மனவேதனை, மருத்துவர்களின் கருத்து, நிபந்தனை எல்லாவற்றையும் சேர்த்தே படித்தேன். மூச்சுக்கருவி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 'பொறுப்பாளி அல்லன்' என்ற இடத்தில் தலைமாட்டுத் திரையில் எண்கள் மேலே ஏறின. நான் நிறுத்தியதும் இறங்கின. மீண்டும் அந்த இடத்தைப் படித்தேன். மீண்டும் ஏறின.

செவிலியர் வந்து பார்த்தார். "ஏசி ஓடும்போது சில சமயம் அப்பிடித்தான் காட்டும் சார்" என்றார்.

குளிர்சாதனம் அப்போது ஓடவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஜூலை 18, வியாழன்

பெனிட்டா தாமாகவே வந்தார். பழைய கோப்பின் நகல் ஒன்று கிடைத்துவிட்டதாம். முன்பு இந்த அமைப்பை நிறுவியவர் எங்கோ சேமித்து வைத்திருந்திருக்கிறார். "போட்டுட்டா எல்லாம் பழையபடி ஆயிரும் சார். உங்க தடுப்பு, ஒப்புதல், எல்லாம். அஞ்சு நிமிசம்."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பரிசீலிக்கணும்."

இடுப்பில் கை வைத்து நின்றார். "அழிஞ்சு போச்சுன்னு கூப்பிட்டதும் நீங்க. கெடச்சிட்டுன்னா வேண்டாங்கறதும் நீங்க. சார், கோவிச்சுக்கிடாதீங்க, நான் ஒரு ஃபைலத்தான் சரி பண்ண வந்தேன். இங்க வேற என்னமோல்லா ரிப்பேரு."

அதற்கு விடையளிக்க வேண்டிய அவசியம் எழவில்லை. வந்துபோன கட்டணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

'உத்தேசித்துள்ளேன்' என்பது 'அளிக்கிறேன்' என்று மாறியிருக்கிறது.

இக்கடிதத்தை அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காரணங்கள்: கடிதத்தின் வாசகம் என் கட்டுப்பாட்டில் இல்லை, என் கட்டுப்பாட்டில் இல்லாத வாசகத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது, 17ஆம் தேதி திரையில் எண்கள் ஏறியதை நோயாளி ஆட்சேபம் தெரிவித்ததாகக் கொள்ளவும் இடமுண்டு. எதை ஆட்சேபித்தார் என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம்.

பெனிட்டா எழுதிய புதிய அமைவுக் கோப்பையும் நீக்கிவிட்டேன். உண்மையாகவே நீக்க வேண்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

ஜூலை 20, சனி

மதினியிடம் முடிவைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் படுக்கைக்கு அழைத்துச் சென்றார். அவர் என் கையைத் தொட்டது இதுவே முதல் முறை.

"தெனமும் வாரீங்க, தலமாட்டுல நிக்கீங்க, போறீங்க. அவிய முதுகப் பாத்தீங்களா?"

செவிலியரும் அவரும் சேர்ந்து அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கட்டுத் துணியை மதினியே பிரித்தார்.

நான் கண்டதை இங்கே எழுதவில்லை.

"நீங்க பயப்படுதீங்க தம்பி" என்றார், மீண்டும் கட்டிக்கொண்டே. "அண்ணன்ட்ட கேக்காம ஒண்ணும் செஞ்சதில்லலா நீங்க. கடையில ஒரு சட்டை எடுத்தாக்கூடக் கேப்பீங்க. இப்ப அவியட்ட கேட்டுத்தான் செய்வேன்னா எப்பிடி? யாருட்ட கேக்கீங்க?"

ஜூலை 21, ஞாயிறு

அலுவலகம் சென்றேன். வேலை எதுவும் இல்லை. திரும்பினேன்.

ஜூலை 22, திங்கள்

காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது மருத்துவமனை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "சார், உங்க மெயில் வந்துட்டு. டாக்டர்ட்ட குடுத்திட்டோம். ஒரே ஒரு சந்தேகம்."

எந்த மெயில் என்று கேட்டேன்.

"ஒப்புதல் மெயில்தான் சார். உங்க ஆபீஸ் அட்ரஸ்லேருந்து வந்திருக்கு. கடைசி வரியில கோமதின்னு இருக்கே, அது யாரு? வீட்டம்மாவா?"

படித்துக் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் படித்ததைப் பின்னர் சரிபார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரி.

'என் அண்ணன் சிதம்பரநாதனின் உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை நிறுத்த ஒப்புதல் அளிக்கிறேன். இது அவர் விருப்பம். போகும்போது கோமதி பக்கத்தில் இருக்கட்டும்.'

முதல் வாக்கியம் என்னுடையதில் எஞ்சியது. இரண்டாவதை நான் எழுதியிருக்க வாய்ப்புண்டு. மூன்றாவதை எழுதவில்லை. கோமதிநாயகம் என்ற என் பெயரை நான் அவ்வாறு சுருக்கி எழுதுவதில்லை. என்னை அப்படி அழைப்பவர் ஒருவரே. மேலும், அண்ணன் பிறர் கடிதங்களில் சொற்களை நீக்குவாரேயன்றி ஒருபோதும் சேர்த்ததில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா? வாபஸ் வாங்கறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. மெயில் நீங்க அனுப்பலன்னாலும் சொல்லிருங்க, நிறுத்தி வச்சிரலாம்."

நிறுத்தி வைக்கலாம். ஒரு சொல் போதும். அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை என்பது என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரையில் உண்மையும் ஆகும். முகத்தில் ஒரு பக்கம் நுரை உலர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தபடி நின்றேன்.

"கோமதிங்கறது நான்தாம்மா" என்றேன். "இந்தா வாரேன்."

அலுவலகத்துக்குப் போய்விட்டே மருத்துவமனைக்குச் சென்றேன். கதவு திறந்திருந்தது. பெனிட்டா அண்ணனின் அறையில் இருந்தார்; மதினி சாவியைக் கொடுத்து வரச்சொல்லியிருக்கிறார். விடிந்ததும் வந்து பழைய கோப்பை அதன் இடத்தில் வைத்ததாகவும், வைத்த மாத்திரத்தில் காத்திருந்த கடிதம் ஒன்று தானே வெளியேறியதாகவும் சொன்னார். அவர் கையில் இன்று மிட்டாய் இல்லை.

"ஒப்புதல் ஏற்கெனவே விழுந்திருக்கு சார். பெரிய சார் பேர்ல. நேத்து."

"நேத்து அந்தக் கோப்பே இல்லையே."

"அதான் சார் எனக்கும் வெளங்கல. ஃபைலே இல்லாம ஒப்புதல் எங்க போயி விழுந்துச்சு?" என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

எழுந்து எனக்கு இடம்விட்டார். அவர் உயர்த்திவைத்த நாற்காலி கீழே இறங்கியிருந்தது. நான் அமரவில்லை.

ஜூலை 24, புதன்

மருத்துவர்கள் பிற்பகலில் கருவியை நிறுத்தினார்கள். மதினி கால்மாட்டில் அமர்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

கருவி நின்ற பிறகு அண்ணன் தாமாகவே சிறிது நேரம் மூச்சு விட்டார். அது அவருடைய மூச்சுத்தான். வாதாடும்போது ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையில் விடுவாரே, அது. அடுத்த பத்தி வரும் என்று காத்திருந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

சடங்குகள் முடிந்தன. அண்ணனின் காரியங்களை நான் செய்தேன். புரோகிதர் ஒவ்வொன்றையும் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

மாலை பெனிட்டா துக்கம் விசாரிக்க வந்தார். எழுந்து போகும்போது தயங்கி நின்று, "அந்தத் தடுப்ப எடுத்திரட்டா சார்? இனிமே யாரு ஒப்புதல் குடுக்க? எல்லா மெயிலும் அங்கயே கெடந்துரும்" என்றார்.

எடுத்துவிடச் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்து என் முன்னிலையிலேயே எடுத்தார். இனி எழுதும் கடிதம் எழுதிய கணமே போகும்.

ஜூலை 27, சனி

காலையில் அலுவலகம் சென்று கட்சிக்காரர்கள் அனைவருக்கும் இறப்பு அறிவிப்பு எழுதினேன். இரண்டே வாக்கியங்கள். 'எங்கள் அலுவலகத்தின் வழக்குரைஞர் சிதம்பரநாதன் 24ஆம் தேதி காலமானார். நிலுவையில் உள்ள வழக்குகள் தொடர்ந்து நடத்தப்படும்.' மனவேதனை முதலியவற்றைச் சேர்க்கவில்லை. மும்முறை படித்தேன். வாய்விட்டும் ஒருமுறை படித்தேன். பிறகு அனுப்பினேன். அழுத்திய விரலை எடுப்பதற்குள் போய்விட்டது. உறை காலியாக இருந்தது. என் கடிதம் ஒன்று பிறர் கண்படாமல் வெளியே போவது இதுவே முதல் முறை.

சற்று நேரத்தில் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. ஆலங்குளம் தங்கப்பாண்டி அண்ணாச்சி. நிலத் தகராறு ஒன்றில் எங்கள் பழைய கட்சிக்காரர். அழுதுகொண்டிருந்தார்.

"பெரிய வக்கீலய்யாவா? நீங்க வீட்டுக்கு வந்துட்டீகளா? ஆஸ்பத்திரில கெடக்கீகன்னுல்லா சொன்னாவ. ஏய்யா, நீங்க எந்திரிச்சு வந்த நேரத்துல சின்னவரு இப்பிடிப் போயிட்டாரே!"

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அனுப்பிய கடிதத்தைத் திரையில் திறந்தேன். 'எங்கள் அலுவலகத்தின் வழக்குரைஞர் கோமதிநாயகம் 24ஆம் தேதி காலமானார்' என்றிருந்தது.

நான் எழுதியது அண்ணனின் பெயர். மும்முறை படித்ததும் அண்ணனின் பெயர். இதில் எனக்கு ஐயமில்லை.

"நல்ல மனுசன்யா" என்று அண்ணாச்சி தொடர்ந்தார். "ஒரு வெள்ளந்தி. எதக் கேட்டாலும், அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுதேன், அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுதேன். காப்பி குடிக்கியளான்னு கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரோன்னு நாங்க கேலி பேசுவோம். அங்க போயி யாருட்ட கேக்கப் போறாரு பாவம்?"

தவறான செய்தியைத் திருத்துவது என் கடமை. முதல் வாக்கியத்திலேயே திருத்தியிருக்க வேண்டும், இரண்டாவதிலும் திருத்தியிருக்கலாம். வாய் திறந்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஒங்க கொரலே மாறிப் போச்சே ஐயா. ரொம்ப ஓய்ஞ்சு கெடக்கு. தம்பி இல்லாம நீங்க தனியா என்ன செய்யப் போறீக?"

"பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றேன். அந்தக் குரல் ஓய்ந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது. பிறகு, துக்க வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்பவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார். "கேக்கேன்னு தப்பா நெனைக்கப்படாது. நம்ம கேசு அடுத்த மாசம் விசாரணைக்கு வருது. சின்னவருதான பாத்துக்கிட்டிருந்தாரு. அன்னைக்கு கோர்ட்டுக்கு யாரு வருவா?"

"நானே வாரேன்" என்றேன்.

அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது.